பொருள்: டானிங் படுக்கையால் ஏற்பட்ட தோல் பாதிப்பு, கண்டுகொள்ளப்படாத புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே புகாரைப் போனிலும் மின்னஞ்சலிலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இந்தக் கடிதம். புகார் எண், படங்கள், மருத்துவ அறிக்கை எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. தயவுசெய்து மறுபடியும் "விவரம் அனுப்புங்க" என்று கேட்காதீர்கள்.

தோலுக்குப் பழுப்பு நிறம் ஏற்றப் புற ஊதாக் கதிர் பாய்ச்சும் உங்கள் புதிய ஹை-பிரஷர் விளக்குப் படுக்கையில் படுத்து எழுந்த அன்று இரவே முதுகும் தோளும் நெருப்பாய் எரிந்தன. விடிந்தபோது தோள் முழுக்க நீர் கோத்த கொப்புளங்கள், கழுத்திலிருந்து மார்பு வரை சிவந்த தடிப்பு. சட்டை பட்டாலே உயிர் போயிற்று. தோல் மருத்துவர் எடுத்த எடுப்பில் கேட்டது, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" பருவுக்காக டாக்ஸிசைக்ளின். அது உடம்பில் இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால் தோல் இப்படி வெந்துபோகக்கூடும் என்றார். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தானாம். நான் கையெழுத்துப் போட்ட படிவத்தில் மருந்தைப் பற்றி ஒரு கேள்விகூட ஏன் இல்லை? இதையே தொழிலாகச் செய்யும் உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உங்கள் அழைப்பு மையத்தில் பேசியவரை மட்டும் மறக்க முடியவில்லை. "உங்க ஸ்கின் வீக், அதுக்கு நாங்க என்ன பண்றது? முதல்ல சிவக்கும், அப்புறம் கலர் ஏறிடும்" என்றார். நான் கொப்புளம் என்கிறேன், அவர் லோஷன் வாங்கச் சொல்கிறார்! பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார். அந்தப் பதிவை நீங்களே போட்டுக் கேளுங்கள்.

அறிக்கையோடு கிளைக்கு வரச் சொன்னீர்கள். பையைத் தோளில் மாட்ட முடியாமல் கையில் தூக்கிக்கொண்டு வந்தேன். மேலாளர் லீவாம். தலைமை அலுவலகத்தைக் கேட்டால் கிளையைக் கேள் என்கிறார்கள், கிளையைக் கேட்டால் தலைமை அலுவலகம் என்கிறார்கள்.

இன்னொன்று. அன்று கொடுத்த கண் கவசத்தின் வார் அறுந்திருந்தது. "கண்ணை மூடிக்கிட்டா போதும்" என்றார் ஊழியர். மூடிய இமை இந்தக் கதிரைத் தடுக்கப் போதாது என்பது அவருக்குச் சொல்லித்தரப்படவே இல்லையா?

சுவரில் "வெயிலைவிடப் பாதுகாப்பானது" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-லேயே இந்தக் கருவிகளைப் புகையிலையோடு ஒரே வகையில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சேர்த்துவிட்டது. இளவயதில் தொடங்கினால் மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் ஆபத்து இன்னும் கூடும். பிரேசில் அதே ஆண்டு தடை செய்தது. வைட்டமின் டி கிடைக்கும் என்பது அடுத்த விளம்பரம். அதற்கு வேண்டியது யுவிபி என்னும் புற ஊதாக் கதிர் வகை. உங்கள் விளக்குகள் பெரும்பாலும் கொட்டுவதோ யுவிஏ என்னும் வேறொரு வகை.

என் தூக்கம் போயிற்று, வேலை கெட்டது, தோளில் விழுந்த கருந்தழும்பு இனி ஆயுளுக்கும் போகாது. இந்த நஷ்டத்தை எந்தப் பணமும் ஈடு செய்யாது.

ஆனாலும் மரியாதையாகவே கேட்கிறேன். கட்டிய சந்தா முழுவதையும் திருப்பித் தாருங்கள், மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், படிவத்தில் மருந்து பற்றிய கேள்வியைச் சேருங்கள், அந்த விளம்பரத்தை எடுங்கள். பத்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்திலும் சுகாதாரத் துறையிலும் மனு கொடுப்பேன். பதிலைப் போனில் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட உங்கள் வாடிக்கையாளர்