‘தெரியுமா உங்களுக்கு’ துணுக்குக்கு அடியில ஒரு வரி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திசையன்விளையில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரு கலர் பிரிண்டரும் உண்டு. சாயங்காலம் ஆயிட்டா பள்ளிக்கூடத்துப் பிள்ளைய வந்து நிக்கும், "அண்ணாச்சி, உலக மொழிகள்னு ப்ராஜெக்ட், நாலு பக்கம் படத்தோட எடுத்துத் தாங்க"ன்னு. நானும் கூகுள்ல அடிச்சு முதல்ல எது வருதோ அத எடுத்துக் குடுத்துருவேன், கூட்டம் நிக்கும்போது வாசிச்சா பாக்க முடியும். இப்படி எத்தன பொய்ய பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டு அச்சடிச்சுக் குடுத்திருக்கேனோ தெரியல.

போன மாசம் ஒம்பதாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை ஒண்ணு உங்க ஞாயிற்றுக்கிழமை இணைப்புல வந்த துணுக்க வெட்டி எடுத்துட்டு வந்துட்டு. தமிழும் கொரிய மொழியும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைகளாம், அம்மா அப்பா ரெண்டுலயும் ஒண்ணாம், யுனெஸ்கோவே சொல்லிட்டாம். எங்க தெரு வாட்சப் குரூப்ல வருசத்துக்கு நாலு தடவ வாற சங்கதிதான், யார் சொன்னா எங்க இருந்து எடுத்ததுன்னு அங்கயும் இருக்காது, உங்க பேப்பர்லயும் இல்ல. அந்தப் பிள்ளை கொரியன் சீரியல் பாக்குறவ. "அம்மா அப்பா சரி அண்ணாச்சி, ஒண்ணு ரெண்டு மூணுக்கு அவங்க ஹனா, துல், செத்னுல்லா சொல்லுதாங்க, இதுல எங்க தமிழ் இருக்கு?"ன்னு கேட்டுட்டு. நான் முழிச்சேன்.

அன்னைக்குக் கடைய அடைச்சிட்டு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் தேடினேன். அம்மா அப்பா சத்தம் உலகத்துல பாதி மொழியில இருக்கு, பச்சப்பிள்ளை வாயில மொதல்ல வாறது ம, ப இந்த மாதிரிச் சத்தந்தான, அதத் தாய் தகப்பன் தங்களக் கூப்பிடுதுன்னு எடுத்துக்கிடுதாவ, அவ்வளவுதான். ஜார்ஜியா நாட்டுல ‘மாமா’ன்னா அப்பாவாம், அம்மாவுக்கு ‘தேதா’வாம், இத வச்சு என்ன உறவு கொண்டாட! ஆனா இந்தக் கொரியாக் கதை வாட்சப்ல பொறந்ததும் இல்ல. ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்கர் 1905லயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணப் புஸ்தகமே போட்டிருக்காரு. அதுக்கும் முந்தி, எங்க ஊருக்குப் பக்கத்துல இடையன்குடியில இருந்த கால்டுவெல், 1856ல வந்த திராவிட மொழி ஒப்பிலக்கணப் புஸ்தகத்துல, திராவிட மொழிகளுக்கு ‘சித்திய’ மொழிகளோட, அதாவது துருக்கி, மங்கோலியா, பின்லாந்துப் பக்கத்து மொழிகள அவரு ஒண்ணாச் சேத்துக் கூப்பிட்ட கூட்டத்தோட, சொந்தம் இருக்கும்னு சொல்லிருக்காரு. திராவிட மொழிகள் தனிக் குடும்பம்னு அவரு சொன்னது நின்னுட்டு, சித்திய சொந்தம் நிக்கல, கொரிய சொந்தத்தயும் இன்னைக்கு மொழியியல்காரங்க ஏத்துக்கிடல. கால்டுவெல் புஸ்தகம் இன்டர்நெட் ஆர்கைவ்ங்கிற இணைய நூலகத்துல சும்மாவே கெடக்கு. நினைவு இல்லத்துல போயி செல்ஃபி எடுக்குற நம்மள்ல எத்தன பேரு அதத் தொறந்து பாத்தோம் சொல்லுங்க.

தேடுறப்ப சில நல்ல எடமும் ஆப்டுச்சு. உலக மொழிகளப் பட்டியல் போடுற எத்னலாக் 1951ல இருந்து வருது, உலகத்துல 7000க்கு மேல மொழி இருக்குன்னு எல்லாரும் சொல்லுற கணக்குக்கு பெரும்பாலும் மூலம் அதான், இப்ப நெறைய பக்கத்துக்குக் காசு கேக்கான். கிளாட்டலாக்னு இன்னொரு மொழிப் பட்டியல், ஜெர்மனியில மேக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க போட்டது, சும்மாவே பாக்கலாம், ஒவ்வொரு மொழிக்கும் எந்தப் புஸ்தகத்துல இருந்து தகவல் எடுத்தாங்கன்னு கீழயே இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்து தளத்துல 1924ல இருந்து 1936 வரை ஆறு தொகுதியா வந்த தமிழ் லெக்சிகன்ங்கிற பெரிய அகராதி முழுசா இருக்கு, சில சொல்லுக்கு திருநெல்வேலி வழக்குன்னு தனியாக் குறிப்பு வேற போட்டிருக்கான், எனக்கு அதப் பாத்ததும் கடையவே மறந்துட்டு.

ரொம்பப் புடிச்சது வால்ஸ்னு சொல்லுற உலக மொழி வரைபடந்தான். அதுல டீக்குன்னே ஒரு மேப் உண்டு! சீனாவுல தென்கிழக்குக் கரைப் பக்கம் ‘மின்’னு ஒரு சீனப் பேச்சு உண்டு, அதப் பேசுதவங்க ‘தே’ம்பாங்க, டச்சுக்காரன் கப்பல் ஏத்தி அது ஐரோப்பா போயி, இங்கிலீஷ் வழியா நமக்கு டீயா வந்திருக்கு, மத்த சீனத்துல பெரும்பாலும் ‘சா’, அந்தப் பக்கத்துல இருந்து வந்ததுதான் இந்திக்காரன் சாயும் மலையாளத்தான் சாயாவும். செங்கோட்டை தாண்டுனதும் டீ ஏன் சாயா ஆகுதுன்னு ஐம்பது வயசுல இப்பத்தான் எனக்குத் தெரியுது.

விக்கிப்பீடியாவ வேண்டாங்கல, ஆனா 2020ல ஸ்காட்லாந்துல பேசுற ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவுல ஆயிரக்கணக்கான கட்டுரைய எழுதினது அந்த மொழியே தெரியாத அமெரிக்கப் பையன்னு வெளிய வந்துச்சுல்லா, வருசக்கணக்கா ஒருத்தரும் பெருசாக் கண்டுக்கிடல. எழுதுனது யாரு, அந்த மொழி பேசுதவங்க யாராவது பாத்தாங்களா, இது ரெண்டும் தெரியாம நான் இப்ப பிரிண்டு போடுறதில்ல, பிள்ளைய அடுத்த கடைக்குப் போறதும் உண்டு.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான். அந்தத் துணுக்குக்கு அடியில எங்க இருந்து எடுத்தீங்கன்னு ஒரு வரி போடுங்க. இடம் பத்தலன்னா படத்தச் சின்னதாக்குங்க. பேப்பர்ல வந்துட்டுன்னா இங்கன வாத்தியாரே மார்க்கு போட்டுருதாரு, நான் சொல்லி யாரு கேக்கா.

அந்தப் பிள்ளை கொரியாப் பக்கத்தக் கிழிச்சிட்டு டீ மேப்ப ஒட்டிட்டுப் போயிருக்கு. கலர் பிரிண்டுதான், காசு வாங்கல.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
திசையன்விளை.