'இனி மாத்திரையே வேண்டாம்' என்று தலைப்பு போடும் முன்...

ஆசிரியருக்கு வணக்கம்.

உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய்க்கு வந்திருக்கும் செல் சிகிச்சை பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன், சந்தோஷம்தான், ஆனால் 'இனி மாத்திரையே வேண்டாம்' என்ற தலைப்பைப் பார்த்ததும் பக்கென்றது. போன வருஷம் இதே மாதிரி ஒரு செய்தியைப் படித்துவிட்டுத்தான் என் தங்கை, ஆறு வருஷமாகச் சாப்பிட்டு வந்த பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினாள். நான்காம் நாள் காலையில் ஒரே வாந்தி, கட்டிலை விட்டு எழுந்தவள் சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். ரத்த அழுத்தம் அப்படி இறங்கியிருந்தது. ஸ்டீராய்டு பல காலம் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், மாத்திரையைத் திடீரென்று விட்டால் அது உடனே விழித்துக்கொள்ளாது, உயிருக்கே ஆபத்து. அதனால்தான் டாக்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள்.

நீங்கள் எழுதிய ஆராய்ச்சி உண்மைதான். ஜெர்மனியில் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் 2021-ல் லூபஸ் முற்றிய ஓர் இளம்பெண்ணுக்கு இதைச் செய்தார்கள். நோயாளியின் ரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற வெள்ளணுக்களையே எடுத்து, உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் பி செல்களைத் தேடி அழிக்கும்படி மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். 2024-ல் 15 பேரின் முடிவுகள் வெளிவந்தன, அதில் லூபஸ் உள்ளவர்கள் 8 பேர். எல்லோராலும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை விட முடிந்தது, எனக்கும் அது பெரிய நம்பிக்கை. ஆனால் செல்களை ஏற்றும் முன் அவர்களுக்குக் கீமோ மருந்து கொடுத்தார்கள், பிறகு மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தார்கள். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய் அவர்களுடையது. இது எதுவும் உங்கள் செய்தியில் இல்லையே!

அப்புறம் இன்னொன்று. மெத்தோட்ரெக்சேட்டை 'தினசரி மாத்திரை' என்று போட்டிருக்கிறீர்கள். முடக்குவாதத்துக்கு அது வாரம் ஒரு நாள் மட்டும்தான், தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு ரத்த அணுக்கள் சரியும், அப்படி இறந்தவர்களும் உண்டு. எனக்கு முடக்குவாதம், நான் அட்டையின் மேல் பேனாவால் 'ஞாயிறு' என்று பெரிதாக எழுதி வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

தயவுசெய்து 'தினசரி' என்ற அந்த ஒரு வார்த்தைக்காவது நாளைக்கே திருத்தம் போடுங்கள், உள்ளே எங்கோ மூலையில் போடாமல் செய்தி வந்த அதே பக்கத்தில்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி