படத்துக்கு வெளியே நின்றவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான ஜெர்மானிய நகரங்களைப் பெண்களே மீண்டும் எழுப்பினார்கள் என்று தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தலையில் துணி கட்டிய பெண்கள் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றும் படமும் அதில் இருந்தது. அவர்களுடைய உழைப்பைப் போற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர்கள் ஏன் அந்த வேலைக்கு வந்தார்கள், வேறு யாரெல்லாம் அதைச் செய்தார்கள் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது.

பெர்லினில் இவர்கள் கட்டட உதவித் தொழிலாளிகள் என்றே பதிவு செய்யப்பட்டார்கள். நம் வழக்கில் சித்தாள். கூலி மணிக்கு 72 பெனிக் (ஜெர்மானியச் சில்லறைக் காசு). கூலியைவிடப் பெரிதாக இருந்தது உணவுச் சீட்டு. 1945 மே மாதம் வந்த பங்கீட்டு முறையில், வேலைக்குப் போகாத இல்லத்தரசிக்குக் கிடைத்த ஐந்தாம் பிரிவுச் சீட்டுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் ரொட்டியும் 7 கிராம் கொழுப்பும்தான்; அதை மக்கள் ‘மேலுலகச் சீட்டு’ என்று கசப்போடு அழைத்தார்கள். இடிபாட்டு வேலைக்குப் போனால் இரண்டாம் பிரிவு, அதாவது 500 கிராம் ரொட்டி. கணவன் போர்க்களத்தில் இறந்தோ கைதியாகியோ போய்விட, பிள்ளைகளோடு தனித்து நின்ற பெண்ணைச் சுத்தியல் எடுக்க வைத்தது பெரும்பாலும் இந்த 200 கிராம் வித்தியாசமே.

செங்கல்லில் ஒட்டியிருந்த காரையைக் கொத்தி நீக்கி, எண்ண வசதியாக 200 கற்கள் கொண்ட அடுக்குகளாக அடுக்குவது அவர்கள் வேலை. பழைய கட்டடங்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டிருந்ததால்தான் கற்கள் முழுசாகப் பிரிந்தன. சிமெண்ட் கலவையாக இருந்திருந்தால் பாதிக் கல்கூடத் தேறியிருக்காது என்பதைக் கட்டடப் பணியில் காலம் கழித்தவன் என்ற முறையில் என்னால் சொல்ல முடியும்.

பெர்லினில் இவ்வேலையில் இருந்த பெண்கள் ஏறத்தாழ 60,000 பேர், அதாவது அந்நகரப் பெண்களில் இருபதில் ஒருவர்கூட இல்லை. அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்த மேற்கு மண்டலங்களில் விகிதம் இன்னும் குறைவு என்பதை வரலாற்றாய்வாளர் லியோனி ட்ரேபர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். இடிபாடுகளில் பெரும்பகுதியை அகற்றியவை இயந்திரங்களும் தண்டவாள வண்டிகளும் கொண்ட கட்டுமான நிறுவனங்கள். போர் முடியும் முன்பே வதைமுகாம் கைதிகள் இவ்வேலைக்கு விரட்டப்பட்டார்கள். முடிந்தபின் போர்க்கைதிகளும், தண்டனையாக முன்னாள் நாஜிக் கட்சியினரும் மண் சுமந்தார்கள். இதனால்தான் 2013இல் மியூனிக்கில் இப்பெண்களுக்கு நினைவுக்கல் வைத்தபோது, அங்கே இடிபாடு அகற்றியவர்களில் பலர் பழைய நாஜிகள் என்று கூறிப் பசுமைக் கட்சியினர் அதைத் துணியால் மூடி எதிர்த்தார்கள்.

இவர்களுக்கு வழங்கிய ‘இடிபாட்டுப் பெண்கள்’ என்ற பெயர் 1980களில் ஓய்வூதியம் பற்றிய விவாதத்திலும் அடிபட்டது. பிள்ளை வளர்த்த ஆண்டுகளை ஓய்வூதியத்தில் சேர்க்க 1986இல் வந்த ஏற்பாடு, 1921க்கு முன் பிறந்த தாய்மார்களை ஒதுக்கியது. இடிபாடு சுமந்த தலைமுறையில் பெரும்பகுதி அவர்களே என்று எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 1987இல் அவர்களுக்கும் தனிச் சட்டம் வந்தது. அக்கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், இந்தச் செய்தியையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
திருச்சி