ஆடி மாதத்துச் சிட்டைகள்

மான்செஸ்டர்
8-2-2026

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. நான் நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தம்பி எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

தினமும் போனில் பேசுகிறவள் தபாலில் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் கடையில் இருக்கும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். சிப்பம் தூக்கும் அண்ணன்மார் முதல் எதிர்க்கடைப் பெரியப்பா வரை என் மதிப்பெண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் சொல்ல முடியாத விஷயங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று என்னைப் பற்றியது. இன்னொன்று நம் கடையைப் பற்றியது.

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். “மூன்றே வருஷம், பாப்பா இன்ஜினியராக வந்து இறங்குவாள்” என்று நீங்கள் பஜாரில் சொல்லி வருவதாகத் தம்பி சொன்னான். மூன்று இல்லை அப்பா, நான்கு. வங்கியில் நீங்கள் கையெழுத்துப் போட்ட கடன் பத்திரத்திலும் நான்கு என்றுதான் இருக்கிறது. நீங்கள் வேண்டுமென்றே மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மூன்று வருஷம். ஆனால் பிளஸ் டூவில் நான் எடுத்தது காமர்ஸ் குரூப். கணக்குப்பதிவியல் இருந்தது, கணிதம் இல்லை. நம் ஊரில் அந்த குரூப்போடு பி.இ. வாசலை மிதிக்க முடியாது. இங்கே எனக்கு ஒரு பக்கக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதற்கு ஃபவுண்டேஷன் ஆண்டு என்று பெயர். சில காகிதங்களில் ‘ஆண்டு 0’ என்றே அச்சிட்டிருக்கிறது. கணிதம், நிரல் எழுதுதல், கணினியின் அடிப்படை, கட்டுரை எழுதப் பழகுதல் எல்லாம் சேர்ந்து 120 கிரெடிட். இதில் தேறினால் அதே பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் முதல் ஆண்டுக்குள் போகலாம். ஊரில் பி.இ. படித்தாலும் நான்கு வருஷம்தானே? பஜாரில் அப்படிச் சொல்லிச் சமாளித்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் நான் ஒருத்திதான் தோற்றவள் மாதிரி வந்திருப்பேன் என்று பயந்தேன். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு வயது 41. பதினாறு வயதில் பள்ளியை விட்டு, இருபது வருஷம் கிடங்கு வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்திருக்கிறார். அவர் மகனும் நானும் ஒரே வயது. ஆசிரியர்களை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதல் மாதம் எனக்கு நாக்கு எழவில்லை. ஒருவரையும் கூப்பிடாமல், அவர் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தே காலம் தள்ளினேன்.

அடுத்த பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது தாண்டிவிடுங்கள். முதல் கணிதத் தேர்வில் நான் 38 வாங்கினேன். தேர்ச்சிக்கு 40. மடக்கை என்ற ஒன்றை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். மறுதேர்வு எழுதித் தேறிவிட்டேன். ஆனால் மறுதேர்வில் எவ்வளவு எடுத்தாலும் 40 என்றுதான் பதிவார்கள். இந்த வருஷத்து மதிப்பெண்கள் பட்டத்தின் வகுப்பில் சேராது என்பது ஒரு ஆறுதல். இன்னொன்றும் இப்போதே சொல்லிவைக்கிறேன். இங்கே 70 எடுத்தாலே முதல் வகுப்பு. நிரல் பாடத்தில் நான் எடுத்திருக்கும் 68-ஐப் பார்த்து முகம் வாடாதீர்கள்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. ரஷோம் என்ற இடத்தில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறேன். நம் கடையில் ஒரு நாளாவது என்னைச் சிப்பம் தொட விட்டிருப்பீர்களா? இங்கே இருபது கிலோ அரிசிப் பையைத் தோளில் ஏற்றி அடுக்குகிறேன். என் வயதுக்கு மணிக்கு 10 பவுண்டு. கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. பட்டத்தோடு சேர்ந்த ஃபவுண்டேஷன் என்பதால் எனக்கு 20. என் அறைத்தோழி அதைத் தனிப் படிப்பாக வேறொரு நிலையத்தில் படிக்கிறாள், அவளுக்கு 10 மணிதான். ஏஜென்ட் இந்த வித்தியாசத்தை அவளிடம் சொல்லவே இல்லையாம். பாவம், வாடகைக்குத் திண்டாடுகிறாள். ஊரில் யாராவது பிள்ளையை அனுப்பப் போவதாகச் சொன்னால் இதை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

மழையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெய்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிட்டது. மஞ்சள் நிற பஸ் ஓடுகிறது, எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 2 பவுண்டு.

போன மாதம் இங்குள்ள அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நுழைவு இலவசம். அங்கே ‘பேபி’ என்று ஒரு எந்திரம். பெயர்தான் குழந்தை, ஆள் நம் கிட்டங்கிச் சுவர் அளவுக்கு நிற்கிறது. அசல் இல்லை, அதே போலச் செய்து வைத்தது. நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு ஓடிய முதல் மின்னணுக் கணினி இதுதான். 1948 ஜூன் 21 அன்று இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஓடியது. அன்று அதற்குக் கொடுத்த கணக்கைக் கேட்டால் சிரிப்பீர்கள். 262144 என்ற எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கக்கூடிய, அதைவிடச் சிறிய எண்களில் மிகப் பெரியது எது? பாதிதான் விடை, 131072. கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவீர்கள். அந்த எந்திரத்துக்கு வகுக்கத் தெரியாது. கழித்துக் கழித்துப் பார்த்து 52 நிமிடத்தில் விடை சொன்னதாம். செய்தவர்களுக்கு விடை முன்பே தெரியும். தெரிந்த விடையுள்ள கணக்கைக் கொடுத்துத்தான் எந்திரத்தைச் சோதித்திருக்கிறார்கள். நீங்கள் புதுத் தராசு வாங்கினால் முதலில் முத்திரைக் கல்லை வைத்துப் பார்ப்பீர்களே, அதேதான்.

நிரல் பாடத்தில் ஒரு கடைக்கு பில் போடும் நிரல் எழுதச் சொன்னார்கள். பத்து பென்ஸ் சாமான் மூன்று. கூட்டினால் முப்பது பென்ஸ், அதாவது 0.3 பவுண்டு. நம் பழக்கம் விடுமா? கடைசியில் ‘கூட்டுத்தொகை 0.3-க்குச் சமமா’ என்று ஒரு வரி சேர்த்தேன். இல்லை என்றது. திரும்ப எழுதினேன். இல்லை. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு ஆசிரியர் வந்து கூட்டுத்தொகையை முழுதாகக் காட்டச் சொன்னார். 0.30000000000000004 என்று வந்தது. நாம் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதினால் முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறதே, அதுபோல இரண்டே இலக்கங்களில் எண்ணுகிற கணினிக்குப் பத்தில் ஒரு பங்கு முடியாமல் போகிறது. எங்கோ ஓரிடத்தில் வெட்டி வைத்துக்கொள்கிறது. அதனால் பணத்தைப் பவுண்டாக வைக்காமல் பென்ஸாக, முழு எண்ணாக வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டுமாம். வகுப்பில் மற்ற யாரும் அந்தச் சரிபார்க்கும் வரியைச் சேர்க்கவில்லை. அவர்கள் திரையில் பில் அழகாக வந்துவிட்டது, போய்விட்டார்கள். ஐந்தொகையில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி பன்னிரண்டு மணிவரை பேரேட்டைப் புரட்டுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அப்படிப் போக முடியவில்லை.

இனி இரண்டாவது விஷயம்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வகுப்பில் இந்த நாட்டுத் தபால்துறை வழக்கைப் பற்றிப் பாடம் நடந்தது. இங்கே சின்ன ஊர்த் தபால் நிலையங்கள் பலவும் நம் கடை மாதிரிதான். முன்னால் பலசரக்கு, ஓரத்தில் தபால் கவுண்டர். நடத்துகிறவர்கள் சொந்தப் பணம் போட்டு நடத்துகிறார்கள். இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களும் அதில் நிறைய. 1999 முதல் இவர்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொடுத்தார்கள். ஃபுஜிட்சு நிறுவனத்துடையது. அது பல இடங்களில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. குறைந்த பணத்தை நீயே கட்டு என்றார்கள். சொந்தச் சேமிப்பை, வீட்டை விற்றுக் கட்டினவர்கள் உண்டு. 2015-க்குள் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். நம் நாட்டிலிருந்து போன ஒரு பெண் வயிற்றில் பிள்ளையோடு 2010-இல் சிறைக்குப் போனார். கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்தான் கேள்வி எழுப்ப வேண்டும். எங்கே போய் எழுப்புவார்கள்? உதவிக்குப் போன் செய்தால், உங்கள் கடையில் மட்டும்தான் இப்படி என்று பதில் வந்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். மென்பொருளில் கோளாறு இருந்தது என்று 2019-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024-இல் தனிச் சட்டமே போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ஆசிரியர் ஓர் உதாரணம் சொன்னார். ஸ்காட்லாந்தில் டல்மெலிங்டன் என்ற ஊர். 2015-இல் அங்கே 8,000 பவுண்டைக் கணக்கில் பதியும்போது திரை உறைந்துவிட்டது. நடக்கவில்லையோ என்று என்டர் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு அழுத்தும் ஒரு வரவாகப் பதிந்து, இல்லாத 24,000 பவுண்டு கணக்கில் ஏறிவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன் அப்பா.

ஜிஎஸ்டி வந்த 2017-இல் நம் கடைக்கு பில் போடும் கம்ப்யூட்டர் வந்தது. அடுத்த வருஷம் ஆடியில் கல்லாவில் பதினோராயிரம் ரூபாய் குறைந்தது. நான் ஏழாம் வகுப்பு. தாத்தா காலத்திலிருந்து இருந்த கணக்குப்பிள்ளைத் தாத்தாவை நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “வயசாகிவிட்டது, வீட்டில் ஓய்வெடுங்கள்” என்றீர்கள். தீபாவளிக்கு வேட்டியும் அனுப்பினீர்கள். ஆனால் பஜாருக்கு எல்லாம் தெரியும். அதற்குப் பிறகு வேறு எந்தக் கடையிலும் அவரை உட்கார வைக்கவில்லை.

அந்த ஆடியில் பள்ளி விட்டு வந்து பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து பில்லைக் கிழித்துக் கொடுத்தவள் நான். அப்போது கரண்ட் அடிக்கடி போகும். பேட்டரியும் செத்துக் கிடந்தது. பாதி பில்லில் திரை அணையும். கரண்ட் வந்ததும் கணக்குப்பிள்ளைத் தாத்தா அதே பில்லை மறுபடி போடுவார். சில நேரம் ஒரே ஆளுக்கு ஒரே தொகைக்கு இரண்டு காகிதம் வரும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கம்பியில் குத்திவைப்பார். “இது செல்லாது பாப்பா” என்பார். அந்தச் செல்லாத பில் கம்ப்யூட்டருக்குள் செல்லும் பில்லாக இருந்திருந்தால்? கணக்கில் விற்பனை இரண்டு, கல்லாவில் பணம் ஒன்று. சாயங்காலம் குறையத்தானே செய்யும்?

நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். அப்படித்தான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பார்த்துவிடலாம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் பழக்கத்தை விடாமல் கையால் சிட்டை எழுதிவந்தார். அதை நீங்கள் கேலி செய்ததும் நினைவிருக்கிறது. அந்த வருஷத்துச் சிட்டைகளும் கம்பியில் குத்திய பில்களும் மஞ்சள் துணியில் கட்டி, பரண்மேல் பழைய நாட்டுத் தராசுக்குப் பின்னால் இருக்கின்றன. போன வருஷம் நான் வீட்டில் இருந்தபோது ஒட்டடை அடிக்க ஏறிப் பார்த்தேன். ஆடி ஒன்று முதல் கடைசி நாள் வரை தம்பியை விட்டு ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆடிட்டரிடம் அந்த மாதத்து விற்பனைப் பதிவேடு இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். ஒரே பார்ட்டி, ஒரே தொகை, அடுத்தடுத்த பில் நம்பர். இந்த மூன்றும் சேர்ந்து எத்தனை இடத்தில் வருகிறது என்று தேட நான் எழுதும் நிரல் பத்து வரிகூட வராது. கூட்டினால் பதினோராயிரத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்ப்போம்.

வந்தால் என்ன செய்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வராவிட்டாலும் எனக்குச் சொல்லிவிடுங்கள்.

இதற்குப் பதில் மட்டும் ஸ்பீக்கரில் வேண்டாம். ராத்திரி கடை அடைத்த பிறகு வீட்டிலிருந்து கூப்பிடுங்கள். எனக்கு அப்போது சாயங்காலம், அறையில்தான் இருப்பேன். அம்மா அனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்தது. பங்குனிப் பொங்கலுக்கு வர முடியாது, எனக்கு அப்போது தேர்வு. அப்பத்தாவை எனக்கும் சேர்த்துச் சாமி கும்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பின்குறிப்பு: தாத்தாவின் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும். ஏழுக்கு மட்டும் நடுவில் ஒரு சின்னக் கோடு இழுப்பார். படத்தில் அது தெரிகிற மாதிரி, பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.