ஃபார்மட் செய்வதற்கு முன்: செட்டிநாட்டுக் கணினி சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சுற்றுவட்ட ஊர்களிலும் கணினி சர்வீஸ் கடை நடத்தும் அன்பர்களுக்கு வணக்கம்.

கேம் விளையாடும்போது கணினி தானாக அணைந்து மறுபடி தொடங்குகிறது என்று ஒருவர் வந்து நின்றால், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதை முதல் வேலையாகச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். என் மகனின் கணினிக்கு நான்கு மாதங்களில் மூன்று முறை ஃபார்மட் நடந்தது. இரண்டாம் முறை, கல்லூரி புராஜெக்டுக்காக அவன் எழுதி வைத்திருந்த கோப்புகள் அழிந்தன. மூன்றாம் முறை ராமையும் மாற்றினார்கள். பழுது அப்படியே இருந்தது.

கடையில் வைத்தால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். கோட்டையூரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தால், பெரும்பாலும் இரவு ஏழு மணிக்கு மேல், ஆட்டம் மும்முரமாகும் நேரத்தில் திரை கறுத்துவிடும். துப்பு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருந்தது. ஆனால், வீட்டில் எதில் செருகியிருக்கிறீர்கள், எந்த நேரத்தில் நிற்கிறது என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

கடைசியில் மகனே விடுமுறையில் உட்கார்ந்து பார்த்தான். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருந்தது. அந்தப் பதிவு காரணத்தைச் சொல்வதில்லை. கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே சொல்கிறது. அதனுள், விண்டோஸின் பிழை எண்ணைக் காட்டும் பக்செக் கோடு 0 என்று இருந்தது; அதாவது பிழை எண் எதுவும் பதிவாகவில்லை. விண்டோஸ் முறியும்போது அந்த நிலையைச் சேமித்து வைக்கும் மினிடம்ப் கோப்பும் உருவாகவில்லை. விண்டோஸ் பிழையால் நிற்கும்போது காட்டும் நீலத்திரை வந்திருந்தால் டிரைவரையோ ராமையோ சந்தேகிக்க இடமுண்டு. நீலத்திரை காட்டவும் நேரமில்லாமல் நின்றுபோகும் கணினியில் முதலில் மின்சாரத்தையும், அடுத்து வெப்பத்தையும் பார்க்க வேண்டும் என்பதே என் மகன் கற்றுக்கொண்டு எனக்கும் கற்பித்தது. வெப்பம் அளவுக்குள்தான் இருந்தது.

மீதி இருந்தது மின்சாரம். அந்தக் கணினியைப் பழைய 600 விஏ யூபிஎஸ் ஒன்றில் செருகியிருந்தோம். இந்த வகை யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 200 வாட் இழுக்கிறது. பிராசசரையும் மானிட்டரையும் கூட்டினால் எல்லையைத் தொட்டுவிடுகிறது. இரவில் வோல்டேஜ் தாழும்போது யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும். வெறுமனே எழுதிக்கொண்டிருக்கும்போது மாறினால் ஒன்றும் ஆவதில்லை. கேமின் முழுச் சுமையில் மாறினால் அந்தக் கணமே கணினி விழுந்துவிடுகிறது. யூபிஎஸ்ஸைக் கழற்றி நேராகச் சுவர் பிளக்கில் செருகிய நாளிலிருந்து ஒருமுறைகூட நிற்கவில்லை. உங்கள் கடையில் யூபிஎஸ்ஸும் இல்லை, கேமும் ஓடவில்லை. பிறகு பழுது எப்படித் தெரியும்?

பிளக்கைப் பார்க்கப் போனபோது இன்னொன்றும் தெரிந்தது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். நாங்கள் அதைப் பெரிதாக எண்ணியதில்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில், வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளுக்கு எந்தக் காலத்திலோ இழுத்த வயர்தான் இன்றும் இருக்கிறது. மூன்று துளைப் பிளக் மாட்டியிருப்பார்கள். மூன்றாம் துளைக்குப் பின்னால் எர்த் வயர் இருக்காது. எர்த் இல்லாவிட்டால், பவர் சப்ளையின் ஃபில்டரில் உள்ள கபாசிட்டர்கள் வழியாகக் கேபினெட்டில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும். எங்கள் கணினி நின்றதற்கு அது காரணமன்று. ஆனால் பவர் சப்ளையில் உண்மையாகவே ஒரு கசிவு வந்திருந்தால் அந்தப் பிள்ளையைக் காக்க அங்கே எதுவும் இருந்திருக்காது என்பதை நினைத்து நான் பல இரவுகள் உறங்கவில்லை. இப்போது எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி எர்த் போட்டிருக்கிறோம்.

ஃபார்மட்டால் தீராத பழுது இது ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் கேம்கள் முறிந்து நின்றதற்கு, பிராசசர் தேவைக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டுப் பெற்றதே காரணம் என்று 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிராசசருக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகளான மைக்ரோகோடுக்குத் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் திருத்தத்தை, கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸின் அப்டேட் வழியாகப் போட வேண்டும்; ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரை மாற்றத்தான் வேண்டும். அதை அறியாமல் விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தால் வாடிக்கையாளரின் வாரண்டிக் காலம்தான் கரையும்.

நான் வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதிப் பிழைத்தவன். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நம் ஊரார், கடல் தாண்டி நடந்த வரவுசெலவையும் பேரேட்டில் எழுதி ஐந்தொகை எடுத்துச் சரிபார்த்தார்கள். அந்த ஊரில் மூன்று முறை பணம் வாங்கிய பழுதுக்கு, பில்லில் ‘சர்வீஸ்’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாம் கடைக்காரருக்கு முதல் கடையில் என்ன பார்த்தார்கள் என்று தெரிந்திருந்தால், அவர் அதே வேலையை மறுபடி செய்திருக்க மாட்டார்.

ஆகவே ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். ஈவன்ட் வியூவரில் இருந்த பதிவு, கேமை ஓடவிட்டு எவ்வளவு நேரம் சோதித்தீர்கள், அப்போது ஏறிய வெப்பம், வீட்டில் எந்த யூபிஎஸ்ஸில், எர்த் உள்ள பிளக்கிலா செருகியிருக்கிறார்கள் என்பதை அதில் எழுதுங்கள். ஃபார்மட் செய்தே ஆக வேண்டுமென்றால், கோப்புகளை வேறொரு டிரைவில் எடுத்து வைத்தபின் செய்து, அதையும் குறியுங்கள். இதற்கென்று தனிக் கட்டணம் கேட்டாலும் மனமுவந்து தருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
கோட்டையூர்.