பாயான் லெப்பாஸ் அக்காவுக்கும் உதவிய அனைவருக்கும் நன்றி

வணக்கம்.

வெள்ளிக்கிழமை இரவு மழையில் நம் மண்டபத்துக்குள் தண்ணீர் புகுந்து, வகுப்புக்கு வைத்திருந்த பொருள்கள் நனைந்துபோனது இந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் தெரியும். அதை நான் விரிவாக எழுதப்போவதில்லை. விடிந்தால் 26 பிள்ளைகள், மோட்டாரின் நடுக்கத்தில் மார்க்கர் கால்களால் படம் வரையும் டப்பா ரோபோ செய்ய வந்து நிற்பார்கள், வாங்கி வைத்த மோட்டார்களில் ஒன்றுகூட இனி உதவாது என்ற நினைப்போடுதான் அன்றிரவு படுத்தேன். சனிக்கிழமை மதியம் அந்த 26 பேரும் கைநிறைய மையோடு சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள். அதற்குக் காரணமானவர்களுக்கு, மனம் இன்னும் நெகிழ்ந்திருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று இந்த மடலை எழுதுகிறேன்.

இரவு பத்து மணிக்கு அனுப்பிய ஒரே தகவலுக்கு, காலை ஏழு மணிக்குள் பழைய பொம்மைக் கார்களையும் கைவிசிறிகளையும் மின்சாரப் பல்துலக்கிகளையும் பைபையாக என் வாசலில் வைத்துவிட்டுப் போனவர்களுக்கும், அவற்றைப் பிரித்து மோட்டார்களை எடுத்துத் தந்த டியூஷன் ஆசிரியருக்கும், ஒரு வாளி துணி கிளிப்புகளைக் கொடுத்தனுப்பிய நான்காம் மாடி மக்சிக்கிற்கும் (மலாய் அம்மாவுக்கும்), மாஜோங் தாள் எனும் பெரிய வரைதாள் கட்டுக்குக் காசு வாங்க மறுத்த கடைக்கார அண்ணனுக்கும், எல்லோரும் பசியாற நாசி லெமாக் கொண்டுவந்த அண்ணிக்கும் என் மனமார்ந்த நன்றி.

ஆனாலும் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். பழைய பொம்மைகளிலிருந்து எடுத்த மோட்டார்களில் 23 மோட்டார்களுக்குக் கம்பி இல்லை. மோட்டாரின் பின்புறம் அரிசி அளவில் இருக்கும் இரண்டு செம்புத் தகடுகளில் கம்பியை முறுக்கி, டேப் ஒட்டிப் பார்த்தோம். நடுங்குவதுதான் இந்த ரோபோவின் வேலையே. முறுக்கிய கம்பி அந்த நடுக்கத்தை இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பேரனை விட்டுவிட்டுப் போக வந்த ஓர் அக்கா, சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "ஏம்மா, இதுக்கு யாரு சோல்டர் வைக்கிறது?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். வேறு எதுவும் பேசாமல் வீட்டுக்குப் போய், ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சோல்டரிங் கருவியைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, சன்னலோரம் ஒரு நாற்காலி மட்டும் கேட்டார்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் வேலை செய்தவர் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பிள்ளைகளை ஒரு கை தூரம் தள்ளி நிற்கச் சொல்லி, சன்னலைத் திறந்து வைத்து, கருவியின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்துவிட்டுத் தொடங்கினார். "கம்பியையும் தகட்டையும் சூடாக்கணும், ஈயத்த இல்ல. அது ரெண்டும் சூடானா ஈயம் தானா ஓடி வரும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே அவர் வைத்த ஒவ்வொரு பொட்டும் எள்ளளவுதான், பளபளவென்று இருந்தது. வைத்த பிறகு ஒவ்வொரு கம்பியையும் இரண்டு முறை மெல்ல இழுத்துப் பார்த்தார். 46 பொட்டுகளில் ஒன்றுகூடக் கடைசிவரை விடவில்லை.

1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியதிலிருந்து, விடியும் முன்பே தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நின்ற நம் பெண்கள் எத்தனையோ பேர். என் தாயாரும் அவர்களில் ஒருவர். அவர் கைக்குள் இருந்தது ஒரு கலை என்று ஒரு நாளும் அவரிடம் நான் சொன்னதில்லை. அக்காவின் விரல்களைப் பார்த்தபோது அது மிகவும் உறுத்தியது.

இன்னொன்றும் நடந்தது. ஒரு சிறுவனின் மாஜரின் டப்பா, மூன்று மார்க்கர் கால்களில் நின்று வெறுமனே உறுமியதே தவிர, நகரவில்லை. இரண்டு பேட்டரியும் புதியவை; மூன்று வோல்ட் சரியாக வந்தது. அவன் அழத் தொடங்குவதற்குள் அக்கா குனிந்து பார்த்தார். மோட்டாரின் அச்சில் செருகிய அழிப்பானை மிகச் சரியாக நடுவில் துளைத்திருந்தான். "நடுவுல இருந்தா சும்மா சுத்தும்யா, ஒரு பக்கம் கனக்கணும்" என்று, மக்சிக்கின் கிளிப் ஒன்றை அழிப்பானின் ஒரு முனையில் மாட்டிவிட்டார். கனமான பக்கம் சுழலும் திசைக்கெல்லாம் டப்பாவும் இழுபட்டு, மூன்று பேனாக்களும் துள்ளித் துள்ளி நீலமும் சிவப்புமாக வளையம் வளையமாய்ப் போட்டன. கைப்பேசி அதிர்வதும் இப்படித்தான் என்று நான் பாடமாகச் சொல்ல வைத்திருந்ததை, அந்தச் சிறுவனே கண்டுபிடித்து மற்றவர்களுக்குச் சொன்னான்.

பன்னிரண்டு மணிக்கு அக்கா பிள்ளைகளைக் கை கழுவ அனுப்பிவிட்டு, கருவி ஆறும்வரை காத்திருந்து, துணியில் சுற்றிக்கொண்டு, சாப்பிடாமலேயே போய்விட்டார். நாங்கள் கவனித்தபோது நாற்காலிதான் இருந்தது.

அக்கா, இனி இந்த வகுப்பு நடக்கும்போதெல்லாம் சன்னலோரம் ஒரு சோல்டரிங் மேசை இருக்கும். எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்ட மாட்டேன். உங்களிடம் முதலில் கற்றுக்கொள்ளப்போவது நான். எல்லா ரோபோக்களும் ஒன்றாக வரைந்த மாஜோங் தாளின் ஓரத்தில் 26 பேரும் பெயர் எழுதியிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை மாலை அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறோம். கிளிப் மாட்டிய டப்பாவையும் கொண்டுவந்தே தீருவேன் என்று அந்தச் சிறுவன் சொல்லியிருக்கிறான்.