சித்தப்பாவுக்கு, நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து

அன்புள்ள சித்தப்பா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். நவம்பரில் பிரான்சுக்கு வருகிறேன். சித்தியிடம் வாட்ஸப்பில் சொல்லியாகிவிட்டது. அவர் உங்களிடம் சொல்லியிருப்பார், நீங்கள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டியிருப்பீர்கள்.

2024 ஆகஸ்ட் 18, நம் பிரெஞ்சு நடிகர் அலென் தெலோன் செத்துப்போன அன்றைக்கு உங்கள் போன் வரும் என்று ராத்திரி வரைக்கும் எதிர்பார்த்தேன். அவருக்கு 88 வயது, போகிற வயதுதான். ஆனாலும் நாம் இரண்டு பேரும் மறுபடி பேச அதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது. நீங்களும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. இந்த வருஷம் மறுபடி அந்தத் தேதி வந்தது. சரி, சின்னவன் நான்தானே என்று டிக்கெட் போட்டுவிட்டேன்.

இதைத் தனியாக அனுப்பாமல் இங்கே போடுவதற்குக் காரணம் உண்டு. தனியாக அனுப்பினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். இங்கே போட்டால் நம் சொந்தக்காரர்கள் நாலு பேராவது உங்களுக்கு அனுப்பிவிட்டு, "பார்த்தீங்களா, உங்க அண்ணன் பையன் என்னவோ எழுதியிருக்கான்" என்பார்கள். அதனாலேயே வீட்டு விஷயம் இதில் வராது. அதற்காகப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும். யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் போடவில்லை என்பதெல்லாம் நமக்குத் தெரியும், அது போதும். இது கேசட்டுகளைப் பற்றிய கடிதம்.

பிரான்சில் அப்போது டிவி ஒளிபரப்பு செகாம் (SECAM) என்ற முறையில், இங்கே பால் (PAL) என்ற முறையில். செகாமில் பதிவான கேசட்டை நம் வீட்டு விசிஆரில் போட்டால் படம் ஓடும், நிறம் மட்டும் வராது. நீங்கள் லீவில் புதுச்சேரிக்கு வரும்போது பெட்டியில் சாக்லேட்டுக்கு அடியில் அடுக்கிக்கொண்டு வந்த படங்கள் எல்லாமே எங்களுக்குக் கறுப்பு வெள்ளைதான். தெலோன் நடித்து 1967-இல் வந்த 'லெ சாமுராய்' கலர் படம் என்பதே எனக்குக் கல்லூரியில்தான் தெரியும். அதில் பெரிய நஷ்டமில்லை. ஆன்ரி தெகாயின் கேமராவில் அந்தப் படம் முழுக்கச் சாம்பலும் மங்கிய நீலமுமாகத்தான் இருக்கிறது. அந்த ஒற்றை அறை, கூண்டுக் குருவி, படுக்கையிலிருந்து எழும் சிகரெட் புகை, இதில் நிறத்துக்கு என்ன வேலை? முதல் பத்து நிமிடம் யாரும் வாயைத் திறப்பதில்லை. இயக்குநர் மெல்வில் கதையைப் படித்துக் காட்டியபோது ஏழெட்டு நிமிடமாகியும் வசனமே வரவில்லை என்று கவனித்த தெலோன், மேலே கேட்காமலேயே நடிக்கச் சம்மதித்தாராம். இதை நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் கதையாயிற்றே, உண்மையாக இருக்காது என்று நினைத்தேன். பிறகு மெல்விலே அதைச் சொல்லியிருப்பதைப் படித்தேன்.

நிறம் போகட்டும். முடிவு?

தெலோன் நடித்த கூலிக் கொலைகாரன் ஜெஃப் கொஸ்தெல்லோ இரவு விடுதிக்குத் திரும்பி வருகிறான். தொப்பியைக் கொடுத்துவிட்டு, அதற்கான டோக்கனை எடுக்காமல் உள்ளே போகிறான். நீங்கள் எழுந்து ஸ்டாப்பை அமுக்குவீர்கள். "அவ்வளவுதான்டா ரெக்கார்டு ஆயிருக்கு. அந்த பியானோ வாசிக்கிற பொண்ணும் இவனும் இத்தாலிக்குத் தப்பிச்சிப் போயிடுவாங்க." நாங்கள் நம்பினோம். எத்தனையோ வருஷம் கழித்து, டோக்கனை எடுக்காமல் போவதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு தியேட்டர் இருட்டில் எனக்குப் புரிந்தது. அவன் வெள்ளைக் கையுறையை மாட்டுகிறான், துப்பாக்கியை அவள் பக்கம் நீட்டுகிறான், போலீஸ் சுடுகிறது. இன்ஸ்பெக்டர் அந்தத் துப்பாக்கியைத் திறந்து பார்த்தால் ஒரு குண்டு கூட இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சத்தம் போட்டுவிட்டேன். துக்கத்தில் வந்த சத்தமில்லை, உங்கள் மேல் வந்த கோபம்.

'ரிஃபிஃபி' என்ற கொள்ளைப் படத்திலும் இதே வேலை. நகைக்கடைக் கொள்ளை மட்டும் எங்களுக்கு முழுசாகக் கிடைத்தது. ஏறக்குறைய அரை மணி நேரம், பேச்சில்லை, பின்னணி இசையும் இல்லை. மேல்தளத்தில் துளை போட்டு, அதில் குடையை நுழைத்து விரித்து, உதிரும் காரையைச் சத்தமில்லாமல் குடையில் பிடிப்பது. அலாரத்தின் வாயைத் தீயணைப்பு நுரையால் அடைப்பது. "டிவி கெட்டுப்போச்சாடா?" என்று ஆயா அடுக்களையிலிருந்து கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காட்சிக்கு ழோர்ழ் ஓரிக் இசையே அமைத்து வைத்திருந்தார். இசையோடும் இல்லாமலும் போட்டுப் பார்த்த பிறகு, இல்லாததே சரி என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் கொள்ளைக்காரன் தோனி தன் பழைய காதலியை பெல்டால் அடிக்கும் இடத்தை நீங்கள் ஓட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். சின்னப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்றால் சரி. படம் முடிந்ததும் அவனை "ஜென்டில்மேன்" என்றீர்களே, அதுதான் உதைக்கிறது.

அந்தப் படத்தின் கடைசியில் தோனி காரோட்டிக்கொண்டு வருகிறான். வயிற்றில் குண்டு. பக்கத்தில் நண்பனின் குழந்தை, கௌபாய் உடையில் பொம்மைத் துப்பாக்கியை ஆட்டிக்கொண்டு, திறந்த காரில் எழுந்து நின்று குதிக்கிறது. அதன் அப்பா செத்துவிட்டான். அதற்குத் தெரியாது. கார் பாரிஸ் தெருக்களில் தள்ளாடிக்கொண்டு போகிறது. குழந்தை வீடு சேர்கிறது. தோனி ஸ்டியரிங்கிலேயே போய்விடுகிறான். எங்களுக்கு நீங்கள் குழந்தை குதிப்பது வரைக்கும்தான் காட்டினீர்கள்.

இதை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். அம்மாவும் படிப்பார். சரி, எழுதுகிறேன்.

என்னை ஹாஸ்டலிலிருந்து கூட்டிக்கொண்டு போக வாடகை அம்பாசடரில் சென்னைக்கு வந்தீர்களே, அந்த நாள். வார்டனிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து, "அப்பாவுக்கு லேசா உடம்பு சரியில்ல, உன்னைப் பாக்கணும்ங்கிறாரு" என்றீர்கள். மேல்மருவத்தூர் தாண்டி ஒரு கடையில் டீ, பஜ்ஜி. திண்டிவனத்தில் எனக்கு ஒரு காமிக்ஸ் வாங்கித் தந்தீர்கள். வழி முழுக்க இந்தக் கொள்ளைக் கதையைத்தான் மறுபடி சொல்லிக்கொண்டு வந்தீர்கள், குடையை விரிப்பதைக் கையால் நடித்துக் காட்டி. டிரைவர் கூடச் சிரித்தார். அவருக்குத் தெரியுமா? அவரிடம் சொல்லியிருந்தீர்களா? இதை இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்திருக்கிறேன், கேட்டதில்லை. தெருமுனையில் ஷாமியானா தெரிந்தபோது நீங்கள் இன்னும் கதையில்தான் இருந்தீர்கள். நான் சிரித்துக்கொண்டே காரை விட்டு இறங்கினேன். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஜனம் பூராவும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பெரிய அத்தை, "இந்தப் பையனுக்கு இன்னும் சொல்லலையா?" என்று சத்தமாகவே கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டு இறங்கியதைத்தான் ஊர் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. உங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மெல்வில் அப்படிச் செய்யவில்லை, சித்தப்பா. 1969-இல் அவர் எடுத்த 'நிழல்களின் படை'யை நீங்கள் ஒருமுறையும் கொண்டு வந்ததில்லை. நீங்கள் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்த சொல்தா, ராணுவப் படம் வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் நிறுத்துவதற்கு இடமே இல்லை. தங்களைக் காப்பாற்றிய பெண்ணையே நடுத்தெருவில் சுட்டுவிட்டுக் காரில் போகிறார்கள். திரையில் எழுத்து வருகிறது: இன்னார் இன்ன தேதியில் சயனைடு தின்றார், இன்னார் தலை வெட்டப்பட்டது, இன்னார் சித்திரவதையில் ஒரே ஒரு பெயரைச் சொல்லிச் செத்தார், அது அவருடைய சொந்தப் பெயர். கடைசி ஆள், இந்த முறை ஓடுவதில்லை என்று முடிவெடுத்தார். நான்கு பேருக்கும் தேதி போட்டு முடிக்கிறார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு ரகசிய இயக்கத்தில் இருந்தவர் அவர், க்ரும்பாக் என்ற பெயரை அங்கேதான் மெல்வில் என்று மாற்றிக்கொண்டார். போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த மனிதரும் கதை விடுகிறவர்தான், அதையும் சொல்ல வேண்டும். சாமுராய் படத்தின் முதலில் சாமுராய்களின் நெறியைச் சொல்லும் புஷிடோ நூலிலிருந்து என்று ஒரு வாசகம் போடுவாரே, அது அவரே எழுதியது. ஜெஃப் முதலில் புன்னகையோடு சாவதாக எடுத்துவிட்டு, தெலோன் வேறு படத்தில் ஏற்கெனவே அப்படிச் செத்திருக்கிறார் என்று தெரிந்ததும் கோபத்தில் மாற்றினார் என்று சொல்வார்கள். "ஒரிஜினல்டா, மத்ததெல்லாம் காப்பி" என்று நீங்கள் அடித்துச் சொல்வீர்கள். ஸ்டெட்சன் தொப்பியும் ரேபானுமாகப் பாரிஸில் திரிந்து அமெரிக்கப் படங்களை மூச்சாக இழுத்தவர் எடுத்ததா ஒரிஜினல்? ரிஃபிஃபி எடுத்த டாசினே அமெரிக்கர். சக இயக்குநர்கள் கம்யூனிஸ்ட் என்று காட்டிக்கொடுத்ததால் ஹாலிவுட்டில் வேலை போய், பாரிஸுக்கு வந்து எடுத்தார். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துக் குண்டு வாங்கும் இத்தாலியன் வேஷத்தையும் தானே போட்டுக்கொண்டார். யாரை நினைத்து நடித்திருப்பார்?

காப்பி என்று நீங்கள் ஒதுக்கிய பையன்கள் முடிவை என்ன செய்தார்கள் தெரியுமா? நவம்பரில் இதற்காகவே சண்டை போடலாம். ஜான் வூ 1989-இல் எடுத்த 'தி கில்லர்' மெல்விலுக்குப் போட்ட கும்பிடு. கொலைகாரனும் அவனால் பார்வை போன பாடகியும் கடைசியில் ஒருவரையொருவர் தேடித் தரையில் ஊர்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போய்விடுகிறார்கள். இத்தாலிக்கு யாரும் தப்பவில்லை. ஜிம் ஜார்முஷின் 'கோஸ்ட் டாக்' 1999. அதே வெள்ளைக் கையுறை, கூண்டுக் குருவிக்குப் பதில் மாடிப் புறாக்கள், கடைசியில் அதே வெறும் துப்பாக்கி. மைக்கேல் மானின் 'ஹீட்'டில் டி நீரோ விமானத்துக்குப் போகிற வழியில், பெண்ணும் பணமும் பக்கத்தில் இருக்க, ஒரு பழைய கணக்கைத் தீர்க்கக் காரைத் திருப்புகிறான். அந்தத் திருப்பம் ஜெஃப் விடுதிக்குத் திரும்பியதன் பேரன் என்பேன். ஜானி டோவின் 'வெஞ்சன்ஸ்' 2009. உங்கள் பிரெஞ்சுப் பாடகர் ஜானி ஆலிடே அதில் நடிக்கிறார், பாத்திரத்தின் பெயரே கொஸ்தெல்லோ. தலையில் கிடக்கும் குண்டால் நினைவு தப்பிக்கொண்டே போக, யாருக்காகப் பழிவாங்க வந்தோம் என்பதையே மறந்துவிடுகிறான். அதைப் பார்த்தபோது உங்களைத்தான் நினைத்தேன். ஏன் என்று இங்கே எழுத வேண்டாம்.

உங்கள் பக்கத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஒரே ஒரு படத்தை மட்டும் நீங்கள் கடைசி வரைக்கும் ஓடவிட்டீர்கள்: ழாக் பெக்கேரின் 'கிரிஸ்பி', 1954. ழான் கபேன் ராத்திரியில் நண்பனைத் தன் ரகசிய வீட்டுக்குக் கூட்டி வந்து, ரஸ்க்கில் பாத்தே என்ற இறைச்சி விழுதைத் தடவிக் கொடுத்து, வைன் ஊற்றி, அளவான பைஜாமாவும் பல்துலக்கும் பிரஷ்ஷும் எடுத்துக் கொடுக்கிறான். எட்டுத் தங்கக் கட்டிக்காக ஊரே அடித்துக்கொள்ளும் படத்தில் இதற்கு இவ்வளவு நேரம். கடைசியில் தங்கமும் போய், அந்த நண்பன் செத்த செய்தி போனில் வருகிறது. கபேன் போனை வைக்கிறான், முகத்தில் ஒன்றும் இல்லை, ஜூக் பாக்ஸில் பழைய பாட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருகிறான்.

அப்பா போன செய்தி உங்களுக்கும் போனில்தான் வந்தது. அதற்குப் பிறகு சென்னை வரை காரில் தனியாக வந்து, என் முன்னால் அந்த முகத்தோடு நின்று, பஜ்ஜி வாங்கிக் கொடுத்தீர்கள். அவர் உங்கள் அண்ணன். இதெல்லாம் எனக்கு முப்பது வயது தாண்டித்தான் புரிந்தது. புரிந்த பிறகும் கோபம் போகவில்லை, இரண்டும் சேர்ந்தே கிடக்கிறது. தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வராததும் இதனால்தான். விசா என்று சொன்னது சாக்கு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்ததை அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகுதானே எனக்குச் சொன்னீர்கள், சித்தப்பா? அதற்கு யார் கேட்பது?

விசிஆர் குப்பைக்குப் போய்விட்டது, கேசட்டுகளில் பூஞ்சை. ஆகவே டிஸ்க்காகக் கொண்டு வருகிறேன், 'நிழல்களின் படை' உட்பட. ரிமோட் என் கையில் இருக்கும். டேவிட் ஃபின்ச்சர் 2023-இல் எடுத்த 'தி கில்லர்' படத்தையும் பார்க்கலாம், அது பாரிஸில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்தக் கொலைகாரன் படம் பூராவும் மனசுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறான், கடைசியில் கடற்கரையில் காதலியோடு சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறான். எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடிக்கும்.

சித்தியிடம் கருவாடு வேண்டுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். கஸ்டம்ஸில் பிடித்தால் நீங்கள்தான் பேச வேண்டும்.

உங்கள் அண்ணன் பையன்